கூடாரக்காரர் வைத்த பந்தி

 

அந்நியரை உபசரித்தல் பற்றி வேதாகமம் என்ன சொல்கிறது என்று பேசுமாறு என்னைப் பணித்திருக்கிறார்கள். விருந்தோம்பலைப் பற்றித் தமிழர் அவையில் பேசுவது துணிச்சலான காரியம். அறத்துப்பாலில் அதற்கென்று ஓர் அதிகாரத்தையே எழுதிவைத்த வள்ளுவரின் மக்கள் நீங்கள். ஆகவே, வாசலுக்கு வந்தவருக்குச் சோறு போடுவது நல்லது என்று உங்களுக்குச் சொல்ல நான் வரவில்லை. நான் ஒரு கேள்வி கேட்க வந்திருக்கிறேன். வேதாகமத்தில் கதவைத் திறந்தவர்கள் யார்? கதவை அடைத்தவர்கள் யார்? இந்த இரண்டு வரிசையையும் எதிரெதிரே நிறுத்திப் பார்த்திருக்கிறீர்களா? வாருங்கள், இன்று நிறுத்திப் பார்ப்போம்.

முதலில் ஆபிரகாம். ஆதியாகமம் பதினெட்டாம் அதிகாரம். எப்ரோனுக்குப் பக்கத்தில் மம்ரே என்னும் இடம். உச்சிவெயில். கூடார வாசலில் ஒரு முதியவர் உட்கார்ந்திருக்கிறார். வயது 99. தலைநிமிர்ந்து பார்க்கிறார், மூன்று பேர் நிற்கிறார்கள். யார் அவர்கள்? எந்த ஊர்? என்ன காரியமாக வந்தார்கள்? ஒன்றும் தெரியாது. முதியவர் என்ன செய்தார்? ஓடினார்! அந்த வெயிலில், அந்த வயதில், ஓடிப்போய்த் தரைமட்டும் குனிந்து வணங்கினார். கால் கழுவக் கொஞ்சம் தண்ணீர், மரத்தடியில் நிழல், பசியாறக் கொஞ்சம் அப்பம் தருகிறேன், தங்கிப் போங்கள் என்று கெஞ்சினார். சொன்னது கொஞ்சம் அப்பம். செய்தது என்ன? சாராளிடம் விரைந்து போய் மூன்று படி மாவைப் பிசையச் சொன்னார். அந்தக் காலத்து மூன்று படி இன்றைய கணக்கில் 20 லிட்டருக்கு மேல் வரும். மூன்று பேருக்கு! பிறகு மாட்டுமந்தைக்கு ஓடினார். நல்ல இளங்கன்றைப் பிடித்துச் சமைக்கக் கொடுத்தார். வெண்ணெய் வைத்தார், பால் வைத்தார். அவர்கள் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். நூறு வயதை எட்டப்போகும் வீட்டுக்காரர் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார்.

இந்தக் காட்சியைப் பிரசங்கங்களில் பலமுறை கேட்டிருப்பீர்கள். வந்தவர்கள் தேவதூதர்கள், அறியாமலே தேவதூதரை உபசரித்த பாக்கியம் ஆபிரகாமுக்குக் கிடைத்தது என்று சொல்லி முடித்துவிடுவோம். நான் அதோடு முடிக்கப் போவதில்லை. உங்களைக் கேட்கிறேன்: அந்த நாட்டில் ஆபிரகாமுக்குச் சொந்த நிலம் இருந்ததா? ஒரு சாண் இருந்ததா? ஊர் என்னும் கல்தேயர் பட்டணத்தை விட்டு, ஆரானை விட்டு, கூடாரத்தைச் சுருட்டிக்கொண்டு இடம் மாறி இடம் மாறி வந்தவர் அவர். பின்னாளில் சாராள் இறந்தபோது புதைக்க இடம் இல்லை. ஏத்தின் புத்திரருக்கு முன்னால் நின்று, நான் அந்நியன், பிழைக்க வந்த பரதேசி, ஒரு கல்லறை நிலம் தாருங்கள் என்று கேட்டார். 400 சேக்கல் வெள்ளி நிறுத்துக் கொடுத்து வாங்கினார். வாக்குத்தத்தம் பண்ணப்பட்ட நாட்டில் அவர் விலைகொடுத்து வாங்கிய நிலம் மனைவியின் கல்லறை!

அந்த அந்நியர்தான் அந்நியருக்குப் பந்தி வைத்தார்.

அடுத்த அதிகாரத்துக்கு வாருங்கள். சோதோம். செழிப்பான பட்டணம். நீர்வளம், நிலவளம் எல்லாம் உண்டு. மாலை நேரத்தில் இரண்டு வழிப்போக்கர் பட்டண வாசலுக்கு வருகிறார்கள். எழுந்து போய் எதிர்கொண்டு அழைத்தவர் யார்? லோத்து. லோத்து சோதோம்காரரா? இல்லை, வெளியிலிருந்து வந்து குடியேறியவர். அந்த ஊர்க்காரர்களே அவரை, பிழைக்க வந்தவன் நியாயம் பேசுகிறானா என்று ஏசினார்கள். சோதோமின் பாவம் என்ன என்று எல்லாரும் ஒன்றைச் சொல்வார்கள். தீர்க்கதரிசி எசேக்கியேல் என்ன சொன்னார் தெரியுமா? பெருமை, நிறைந்த ஆகாரம், கவலையற்ற சுகவாழ்வு, இத்தனையும் இருந்தும் ஏழைக்கும் எளியவனுக்கும் கை கொடுக்காமல் போனது. இதுதான் எசேக்கியேல் வாசித்த குற்றப்பத்திரிகை.

இன்னும் கொடிய ஒரு கதை நியாயாதிபதிகள் பத்தொன்பதாம் அதிகாரத்தில் இருக்கிறது. அதை ஆலயத்தில் யாரும் வாசிப்பதில்லை. நான் இன்று சொல்லியாக வேண்டும். ஒரு லேவியனும் அவனோடு வந்த பெண்ணும் வேலைக்காரனும் பெத்லகேமிலிருந்து வடக்கே பயணப்படுகிறார்கள். பொழுது சாய்கிறது. எதிரே எபூசு பட்டணம், பின்னாளில் எருசலேம் ஆன ஊர். இங்கே தங்குவோமே என்கிறான் வேலைக்காரன். வேண்டாம், இது அந்நியர் ஊர், நம் ஜனங்கள் வாழும் ஊருக்குப் போவோம் என்று லேவியன் நடையைக் கட்டுகிறான். நம் ஜனங்கள்! கிபியா என்னும் இஸ்ரவேலர் ஊருக்கு வந்து வீதியில் உட்கார்ந்தார்கள். ஒரு வீட்டுக் கதவும் திறக்கவில்லை. வைக்கோல் இருக்கிறது, அப்பம் இருக்கிறது, திராட்சரசம் இருக்கிறது, எல்லாம் கையோடு கொண்டுவந்திருந்தார்கள். கேட்டது ஒரு கூரை மட்டும். அதற்கும் ஆள் இல்லை. கடைசியில் வயலிலிருந்து திரும்பிய ஒரு கிழவர் அழைத்துப் போனார். அந்தக் கிழவர் எந்த ஊர்? எப்பிராயீம் மலைநாட்டிலிருந்து வந்து கிபியாவில் தங்கியிருந்தவர். பாருங்கள், மறுபடியும் ஒரு வெளியூர்க்காரர்!

அன்று இரவு அந்தப் பெண்ணுக்கு நேர்ந்ததை இந்த அவையில் விவரிக்க மாட்டேன். ஒன்றை மட்டும் மறைக்காமல் சொல்கிறேன். லோத்தும் சரி, அந்தக் கிழவரும் சரி, விருந்தாளியைக் காப்பாற்றத் தங்கள் பெண்பிள்ளைகளைக் கும்பலிடம் விட்டுக்கொடுக்கத் துணிந்தார்கள். அதை உபசாரம் என்று என் வாய் சொல்லாது. வேதாகமம் எழுதிவைத்திருப்பது எல்லாம் வேதாகமம் மெச்சுவது அல்ல. பெண்களைப் பலிகொடுத்துக் காக்கும் விருந்து நமக்கு வேண்டாம்.

நாபாலைப் பற்றி நீட்ட மாட்டேன். 3,000 ஆடுகள், 1,000 வெள்ளாடுகள் வைத்திருந்த பெருந்தனக்காரன். ஆட்டுமயிர் கத்தரிக்கும் திருநாளில் தாவீதின் ஆட்கள் வந்து உணவு கேட்டார்கள். என் அப்பம், என் தண்ணீர், என் இறைச்சி என்று அடுக்கிச் சொல்லிவிட்டு, எங்கிருந்து வந்தார்கள் என்றே தெரியாதவர்களுக்குக் கொடுப்பேனோ என்று கேட்டான். எங்கிருந்து வந்தார்கள் என்றே தெரியாதவர்கள்! இந்தப் பேச்சை நீங்கள் எங்கும் கேட்டதில்லையா? உங்கள் தெருவில் கேட்டதில்லையா?

இனி, திறந்தவர்கள் வரிசைக்கு வருகிறேன். அதில் என் மனதை விட்டு நீங்காத ஒரு பெண் உண்டு. அவளுக்குப் பெயர்கூட எழுதப்படவில்லை. சாறிபாத் ஊர் விதவை.

மழை இல்லை. ஆறு வற்றிவிட்டது. ஆகாப் ராஜாவுக்குத் தப்பி ஒளிந்திருக்கும் தீர்க்கதரிசி எலியாவைக் கடவுள் எங்கே அனுப்புகிறார்? இஸ்ரவேலில் பணக்காரர் இல்லையா? ஆலோசனை சொல்லப் பெரியவர்கள் இல்லையா? அனுப்பிய இடம் சீதோன் நாடு. எலியாவின் உயிருக்கு உலைவைக்கப்போகும் ராணி யேசபேல் பிறந்த நாடு! அவள் தகப்பன் ஆண்ட பூமி! அங்கே ஊர் வாசலில் ஒரு விதவை விறகு பொறுக்கிக்கொண்டிருக்கிறாள். குடிக்கத் தண்ணீர் கேட்கிறார். கொண்டுவரப் போகிறாள். அந்தப் பஞ்சத்தில் தண்ணீர் என்ன விலை? அவள் யோசிக்கவில்லை. போகிறவளைக் கூப்பிட்டு, ஒரு துண்டு அப்பமும் கொண்டுவா என்கிறார். அப்போதுதான் அவள் வாய் திறக்கிறாள். பானையில் ஒரு பிடி மாவு, கலயத்தில் கொஞ்சம் எண்ணெய், இரண்டு விறகு. அதைச் சுட்டு நானும் என் மகனும் சாப்பிடுவோம், பிறகு சாவோம். எவ்வளவு நேர்மையான பேச்சு! எலியா என்ன சொன்னார்? முதலில் எனக்கு ஒரு சின்ன அடை செய்து கொண்டுவா, பிறகு உங்களுக்குச் செய். மாவும் எண்ணெயும் குறையாது என்றார்.

தாய்மார்களே, உங்களைக் கேட்கிறேன். கையில் ஒரு பிடி மாவு. மடியில் பசித்த பிள்ளை. எதிரே வேற்றுநாட்டான், வேற்றுத் தெய்வத்தின் பேரைச் சொல்கிறவன். முதல் அடையை அவனுக்குக் கொடுப்பீர்களா? அவள் கொடுத்தாள். பானை குறையாமல் இருந்தது பிறகு நடந்த அற்புதம். கொடுத்தபோது பானையில் ஒரு பிடிதான் இருந்தது. நான் அந்த முதல் அடையைத்தான் பெரிய அற்புதம் என்பேன். நூற்றாண்டுகள் கழித்து, நாசரேத் ஜெப ஆலயத்தில் இயேசு இந்த விதவையை நினைவூட்டினார். இஸ்ரவேலில் எத்தனையோ விதவைகள் இருக்க, எலியா அனுப்பப்பட்டது இவளிடம் என்றார். கேட்டவர்கள் என்ன செய்தார்கள்? எழுந்து, அவரை ஊருக்கு வெளியே தள்ளிக்கொண்டு போய் மலைமுகட்டிலிருந்து உருட்டிவிடப் பார்த்தார்கள். அந்நிய ஜாதிப் பெண் ஒருத்தி நம்மைவிட மேலானவளா என்ற கோபம்! அவர் வளர்ந்த ஊரிலேயே அந்தக் கோபம்!

இப்போது இரண்டு வரிசையும் உங்கள் கண்முன் நிற்கின்றன. திறந்தவர்கள்: நிலமில்லாத கூடாரக்காரர், குடியேறி வந்த லோத்து, வெளியூர்க் கிழவர், பட்டினிகிடந்த விதவை. அடைத்தவர்கள்: வளமான சோதோம், சொந்த ஜனங்களின் கிபியா, மந்தை நிறைந்த நாபால். கதவைத் திறக்கக் காசு வேண்டும் என்று நாம் நினைத்திருக்கிறோம். வேதாகமம் காட்டுவது வேறு. அலைந்த ஞாபகம் உள்ளவர்கள் திறந்தார்கள். நிலைத்துவிட்டோம் என்று எண்ணியவர்கள் அடைத்தார்கள்.

மோசேயின் நியாயப்பிரமாணம் இந்த மறதியை நன்றாக அறிந்திருந்தது. அந்நியனை ஒடுக்காதே, அவனை உன்னைப்போல் நேசி என்று சொல்லி, திரும்பத் திரும்ப ஒரே காரணத்தைச் சொல்கிறது: நீங்களும் எகிப்தில் அந்நியராயிருந்தீர்கள். அந்நியரைப் பற்றிய எச்சரிப்பு 36 இடங்களில் வருகிறது என்று பழைய யூத ரபீக்கள் எண்ணிவைத்திருக்கிறார்கள். வேறொரு கட்டளைக்கு இத்தனை நினைவூட்டல் தேவைப்பட்டதா?

வயலின் ஓரங்களை அறுக்காதே, சிந்திய கதிரைப் பொறுக்காதே, மறந்துவிட்ட கதிர்க்கட்டை எடுக்கத் திரும்பிப் போகாதே, அது அந்நியனுக்கும் திக்கற்றவனுக்கும் விதவைக்கும் உரியது என்றது சட்டம். மோவாப் நாட்டுப் பெண் ரூத் போவாஸின் வயலில் கதிர் பொறுக்க முடிந்தது இந்தச் சட்டத்தால். அவள் வம்சத்தில் வந்தவர் தாவீது.

ஆனால் என்னை மிகவும் தொட்டது உபாகமம் இருபத்தாறாம் அதிகாரம். ஒரு விவசாயி. நாடு கிடைத்துவிட்டது, நிலம் கிடைத்துவிட்டது, விளைச்சல் கிடைத்துவிட்டது. முதற்பலனைக் கூடையில் எடுத்துக்கொண்டு சந்நிதிக்கு வருகிறான். வந்து என்ன சொல்ல வேண்டும்? என் நிலம், என் உழைப்பு என்றா? தன் தகப்பன் ஊர் ஊராய்த் திரிந்த நாடோடி என்று தன் வாயால் அறிக்கை செய்ய வேண்டும்! எகிப்துக்குப் போனது, கொஞ்சப் பேராய்ப் போனது, அடிமைப்பட்டது, அழுதது, அத்தனையும் சொல்ல வேண்டும். கையில் நிறைந்த கூடை, வாயில் அலைந்த கதை! பிறகு? பிறகு லேவியனோடும் தன் நடுவில் இருக்கும் அந்நியனோடும் சேர்ந்து சந்தோஷப்பட வேண்டும். ஆண்டுதோறும் இந்தக் கதையைச் சொல்லச் சொன்னது ஏன்? கூடை நிறையும்போது மறதி வரும் என்று தெரிந்ததால்தான்.

புதிய ஏற்பாட்டை நான் வேகமாகக் கடக்கிறேன். பிறக்கும்போது சத்திரத்தில் இடம் கிடைக்காதவர், குழந்தையாய் எகிப்துக்குத் தூக்கிச் செல்லப்பட்டவர், தலைசாய்க்க இடமில்லை என்று தாமே சொன்னவர், நியாயத்தீர்ப்பு நாளில் கேட்கப்போவதாகச் சொன்ன கேள்விகளில் ஒன்று, அந்நியனாய் வந்த என்னைச் சேர்த்துக்கொண்டீர்களா என்பது. அவர் பிறர் வீட்டுப் பந்தியில் உட்கார்ந்தவர். சகேயு வீட்டில், சீமோன் வீட்டில், மார்த்தாள் வீட்டில். எம்மாவுக்குப் போன இரண்டு சீடர்கள் வழியில் சேர்ந்த ஒருவரை, அவர்தான் இயேசு என்று அறியாமலே, பொழுதுபோயிற்று, தங்குங்கள் என்று வருந்திக் கேட்டிராவிட்டால் என்ன ஆகியிருக்கும்? எண்ணிப் பாருங்கள்.

மெலித்தா தீவை மட்டும் விட்டுவிட முடியாது. இன்றைய மால்டா. பவுல் கைதியாக ரோமுக்குப் போகும் கப்பல் உடைந்து, 276 பேர் நீந்தியும் பலகைகளைப் பற்றியும் கரை சேர்ந்தார்கள். கைதிகள், போர்ச்சேவகர்கள், கப்பலாட்கள். மழை, குளிர். அந்தத் தீவு மக்கள் கிரேக்கமும் ரோம நாகரிகமும் அறியாதவர்கள் என்று உலகம் இழிவாய்ப் பேசிய மக்கள். அவர்கள் ஒரு பெரிய நெருப்பை மூட்டி எல்லாரையும் சேர்த்துக்கொண்டார்கள். கைதி யார், காவலன் யார் என்று பிரித்தார்களா? இல்லை. மூன்று மாதம் தங்கவைத்து, புறப்படும்போது வேண்டியதையெல்லாம் கப்பலில் ஏற்றி அனுப்பினார்கள்.

சபை வளர்ந்தது. வளர்ந்த சபை என்ன செய்தது? பெருமைப்படத்தக்கது நிறைய உண்டு. நான்காம் நூற்றாண்டில் செசரியாவின் ஆயர் பசிலியார் ஊருக்கு வெளியே அந்நியருக்கும் நோயாளிகளுக்கும் தொழுநோயாளிகளுக்கும் பெரிய இல்லங்களைக் கட்டினார். அதை ஒரு புதிய நகரம் என்றே அவருடைய நண்பர் கிரகோரியார் வருணித்தார். கிறிஸ்தவத்தை விட்டு விலகிய பேரரசன் ஜூலியன், கலாத்தியா நாட்டுத் தலைமைப் பூசாரிக்கு எழுதியதாக வந்துள்ள கடிதத்தில், இந்தக் கலிலேயர், அதாவது கிறிஸ்தவர்கள், தங்கள் ஏழைகளோடு நம் ஏழைகளையும் தாங்குகிறார்களே என்று வருந்தி, ஊர்தோறும் சத்திரம் கட்டச் சொல்கிறான். எதிரியின் வாயால் வந்த சாட்சி!

ஆனால் அங்கேயே ஓர் ஆபத்தும் பிறந்தது. சபைக்குச் சத்திரம் இருக்கிறது, சபைக்கு வருமானம் இருக்கிறது, நமக்கு என்ன வேலை என்று விசுவாசிகள் கதவைச் சாத்தத் தொடங்கினார்கள். ஏறத்தாழ 400ஆம் ஆண்டில் கொன்ஸ்தாந்திநோப்பிளில் அப்போஸ்தலர் நடபடிகளைப் பற்றிப் பிரசங்கித்த யோவான் கிறிசோஸ்தோம் அவர்களை விடவில்லை. சபை கொடுத்தால் உனக்கு என்ன? பூசகர் ஜெபிக்கிறார் என்று நீ ஜெபிக்காமல் இருப்பாயா? உன் வீட்டில் ஓர் அறையை ஒதுக்கு, அதில் கட்டில் போடு, மேசை போடு, விளக்கு வை என்றார். சூனேம் ஊர்ப் பெண் எலிசாவுக்காக மாடியில் கட்டிய அறையில் இருந்தவையும் இவைதானே! மாடியில் முடியாவிட்டால் கீழே, வேலைக்காரர் பக்கத்தில், கழுதை கட்டும் பக்கத்திலாவது ஓர் இடம் கிறிஸ்துவுக்கு என்று வை என்று இறங்கி இறங்கிப் பேசினார். ஆயிரத்து அறுநூறு ஆண்டுகள் ஆகிவிட்டன. காணிக்கைக் கவரில் பணத்தைப் போட்டுவிட்டுக் கதவைச் சாத்திக்கொள்ளும் நம்மைப் பார்த்துப் பேசியதுபோல் இல்லையா?

இதெல்லாம் பழங்கதை, இன்றைக்கு நடக்குமா என்று கேட்பவர்களுக்காக ஓர் ஊரைச் சொல்கிறேன். பிரான்ஸ் நாட்டில், ஏறத்தாழ ஆயிரம் மீட்டர் உயரத்தில், குளிர்காலத்தில் பனி மூடும் மலைமேட்டில் லெ ஷாம்போன் என்று ஒரு கிராமம். அங்கே வாழ்ந்தவர்கள் பெரும்பாலும் புராட்டஸ்டன்ட் விவசாயிகள். 1685இல் பதினான்காம் லூயி மன்னன் அவர்களுடைய முன்னோரின் வழிபாட்டு உரிமையைப் பறித்தான். ஆயர்கள் துரத்தப்பட்டார்கள், கொல்லப்பட்டார்கள். ஆண்கள் கப்பலில் துடுப்புப் போடும் அடிமைகளாக அனுப்பப்பட்டார்கள். காடுகளில் ஒளிந்து ஜெபித்தார்கள். 1787 வரை, நூறாண்டு காலம். அந்தக் கதையைப் பாட்டிமார் பேரப்பிள்ளைகளுக்குச் சொல்லிச் சொல்லி வளர்த்த ஊர் அது.

1940இல் பிரான்ஸ் ஹிட்லரிடம் வீழ்ந்தது. அந்தக் குளிர்காலத்தில் ஓர் இரவு, ஆயர் ஆந்த்ரே த்ரோக்மேயின் வீட்டுக் கதவு தட்டப்பட்டது. அவருடைய மனைவி மாக்தா திறந்தார். பனியில் நனைந்து நடுங்கியபடி ஒரு பெண். ஜெர்மனியிலிருந்து தப்பிவந்த யூதப் பெண். உள்ளே வரலாமா என்று கேட்டாள். தாராளமாக வாருங்கள் என்றார் மாக்தா. அவ்வளவுதான், ஆலோசனைக் கூட்டம் இல்லை, தீர்மானம் இல்லை. மறுநாள் ஊர்த் தலைவரிடம் போய் அந்தப் பெண்ணுக்கு ஆவணங்கள் கேட்டார். அவர் மறுத்துவிட்டார். அன்றிலிருந்து மாக்தா கேட்காமலே செய்யக் கற்றுக்கொண்டார். ஒரு வீடு பத்து வீடானது, பத்து வீடு முழு மலைமேடானது. பண்ணை வீடுகளிலும் விடுதிகளிலும் ஆயிரக்கணக்கானோர் அடைக்கலம் பெற்றார்கள். பெரும்பாலோர் யூதர்கள், அவர்களில் நிறையக் குழந்தைகள். பொய் அடையாளச் சீட்டு, ரேஷன் சீட்டு, சிலருக்குச் சுவிட்சர்லாந்து எல்லைவரை வழித்துணை. 1942 ஆகஸ்டில் அரசின் உயர் அதிகாரி ஒருவர் வந்தபோது, எங்கள் நடுவில் யூதர்கள் இருக்கிறார்கள், நாங்கள் வேறுபாடு பார்ப்பதில்லை, பிடிக்க வந்தால் மறைப்போம் என்று மாணவர்கள் எழுத்தில் கொடுத்தார்கள்! பிறகு காவல்துறை பேருந்துகளோடு வந்தது. வாரக்கணக்கில் தேடியும் பேருந்துகள் ஏறக்குறைய வெறுமையாகவே திரும்பின.

விலை இல்லாமல் நடக்கவில்லை. 1943 பிப்ரவரியில் ஆயரைக் கைதுசெய்யக் காவலர்கள் வந்தார்கள். இரவு உணவு வேளை. மாக்தா அவர்களையும் சாப்பிட உட்காரச் சொன்னார். கணவரைக் கொண்டுபோக வந்தவர்களை! அகதிப் பிள்ளைகளின் விடுதியை நடத்திய உறவினர் டேனியல் த்ரோக்மே பிள்ளைகளை விட்டு ஓட மறுத்தார். அவரையும் பிடித்துக்கொண்டு போனார்கள். 1944 ஏப்ரலில் மைதானெக் முகாமில் இறந்தார். 1990இல் இஸ்ரவேலின் யாத் வாஷெம் நினைவகம் அந்த ஊர் முழுவதையும் கௌரவித்தது. ஏன் செய்தீர்கள் என்று பின்னாளில் கேட்டவர்களுக்கு அந்த விவசாயிகளால் பெரிதாக ஒன்றும் சொல்ல முடியவில்லை. வந்தார்கள், தேவையில் இருந்தார்கள், வேறென்ன செய்வது என்றார்கள்.

அவையோரே, இப்போது நம்மிடம் வருகிறேன். சொல்ல வேண்டிய அலைந்த கதை நமக்கு இல்லையா? நம் தாத்தாக்கள் இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்கும் மலாயா ரப்பர் காட்டுக்கும் கப்பல் ஏறவில்லையா? 1942இல் பர்மாவிலிருந்து காடும் மலையும் கடந்து கால்நடையாய் வந்தவர்கள் யார்? 1983க்குப் பிறகு படகேறி வந்து மண்டபம் முகாமில் இறங்கியவர்கள் யார்? இன்று உங்கள் வீட்டுப் பிள்ளை வளைகுடா நாட்டில் எட்டுப் பேர் தூங்கும் அறையில் படுத்திருக்கவில்லையா? அவனுக்கு ஒரு பெருநாளன்று யாராவது ஒரு தட்டுச் சோறு வைத்தால் உங்கள் நெஞ்சு குளிராதா? அப்படியானால் பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் ரயிலேறி வந்து நம் வீட்டுக்குச் செங்கல் சுமக்கும் பிள்ளையை எந்தக் கண்ணால் பார்க்கிறோம்? வாடகைக்கு வீடு கேட்டு வருகிறவரிடம் முதலில் எதைக் கேட்கிறோம்?

பயம் இருக்கிறதே ஐயா, காலம் கெட்டுக் கிடக்கிறதே என்பீர்கள். நியாயம். ஆதிச் சபைக்கும் அது தெரியும். திதாக்கே என்னும் பழைய நூல், வழிப்போக்கராய் வருகிறவருக்கு இரண்டு நாள், தேவையானால் மூன்று நாள், தங்கிவிட நினைத்தால் ஒரு தொழில் செய்து சாப்பிடட்டும் என்று ஒழுங்கு வகுத்தது. ஒழுங்கு வையுங்கள். விசாரியுங்கள். இரண்டு வீட்டார் சேர்ந்து செய்யுங்கள். வீட்டில் பெண்களின் சம்மதம் இல்லாமல் செய்யாதீர்கள். ஆனால் அந்த ஒழுங்கைக் கதவுக்குப் பூட்டாக்கிவிடாதீர்கள்.

இந்தச் சபையாருக்கு ஒரு வேண்டுகோள் வைக்கிறேன். ஆராதனை முடிந்ததும் தனியாக நின்றுவிட்டுப் போகிறவர்கள் நம் நடுவில் இருக்கிறார்கள். மாதத்தில் ஒரு ஞாயிறு அவர்களை வீட்டுக்குக் கூப்பிடுங்கள். திருமண மண்டபத்துக்கு வேண்டாம், வீட்டுக்கு. பெரிய விருந்து வேண்டாம், அன்றைக்கு உங்கள் அடுப்பில் என்ன வெந்ததோ அது போதும். இன்று இரவு பிள்ளைகளோடு உட்கார்ந்து, உங்கள் குடும்பம் எந்த ஊரிலிருந்து எப்படி இந்த ஊருக்கு வந்தது என்று சொல்லுங்கள். பிறகு உங்கள் தெருவில் வெளியூரிலிருந்து வந்து தனியாகத் தங்கியிருப்பவர்களின் பெயர்களை ஒரு தாளில் எழுதுங்கள். பெயர் தெரியவில்லை என்றால் நாளைக் காலையில் போய்க் கேளுங்கள்.